கொம்புக்காரிக்கு ஒரு முழம் பூ

எங்கள் பெரியப்பா ஒன்று சொன்னார், அண்ணே. நான் முதன்முதலாக மஸ்கட்டுக்குக் கிளம்பிய அன்று, திருச்சி விமான நிலைய வாசலில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில் என் தோளைப் பிடித்து நிறுத்திச் சொன்னார். "திரும்பி வர்றவன் முதல்ல உட்கார்ந்து பார்க்கணும்டா…" எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் மறந்துபோய்விட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து எவனோ டிராலியை என் கால் மேல் ஏற்றிவிட்டான்.

பெரியப்பா இப்போது இல்லை, கேட்கவும் முடியாது. நிலத்தைப் பார் என்றாரா, பாஸ்புக்கைப் பார் என்றாரா. "உடம்பைப் பாருன்னு சொல்லியிருப்பார். உங்களுக்கு அப்பவே தொப்பை" என்பாள் என் மனைவி. நான் யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். எதை என்பதா முக்கியம்? பார்ப்பதுதான் முக்கியம். பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஊர் திரும்பியதும் தஞ்சாவூரில் ஓர் ஓவியப் பள்ளியில் சேர்ந்தேன்.

பலகை முட்டியில் இடிக்கிறதா? இருங்கள், இப்படிச் சாய்த்துக்கொள்கிறேன். மேலே கம்பியில் வைக்கலாம் என்றால் கண்டக்டர் விடவில்லை. "கதவுக்கெல்லாம் தனியா லக்கேஜ் டிக்கெட் சார்" என்றார். கதவு இல்லை, படம் என்றேன். "படம்னாலும் கதவு சைஸ்ல இருக்கே" என்று கிழித்துக் கொடுத்துவிட்டார். வேட்டியில் சுற்றியிருப்பதால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது. நீங்கள் எது வரைக்கும்? வேதாரண்யமா. நானும் அங்கேதான் இறங்கி, கோடியக்கரைக்கு வேறு பஸ் பிடிக்க வேண்டும். நல்லதாகப் போயிற்று.

என் பெயர் சிவக்கொழுந்து. மஸ்கட்டில் மிஸ்டர் சிவா, ஓவியப் பள்ளியில் கொழுந்து அங்கிள். சிரிக்காதீர்கள். என்னோடு படிக்கிறவர்களுக்கெல்லாம் இருபது வயது. எனக்கு நாற்பத்தெட்டு. ஏசி குழாய்களுக்குப் படம் போடுகிற கம்பெனியில் டிராப்ட்ஸ்மேனாக இருந்தேன். பெரிய கட்டடங்களில் கூரைக்குள் தகரக் குழாய் போகும் பார்த்திருக்கிறீர்களா, அது எங்கே வளையும், எங்கே இறங்கும் என்று கம்ப்யூட்டரில் கோடு போடுவது. எல்லாம் நேர்க்கோடு. மனிதர்களே வரமாட்டார்கள் அந்தப் படத்தில். மேசையில் கம்ப்யூட்டர், தண்ணீர் பாட்டில், மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய என் மனைவி போட்டோ. இவ்வளவுதான் என் உலகம், இருபது வருஷத்துக்கும் மேலே.

நேற்றோடு பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். என்ன விடுமுறை என்று நினைக்கிறீர்கள்? வசந்த விடுமுறை. எங்கள் தேவசகாயம் மாஸ்டர் வடக்கே படித்தவர், தாடி வைத்தவர். போர்டில் அப்படித்தான் எழுதிப் போடுவார். பங்குனி வெயிலில் தார் ரோடு செருப்பில் ஒட்டிக்கொண்டு வருகிறது, இதில் என்ன வசந்தம் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். எனக்கு என்னவோ அந்த வார்த்தை பிடித்துவிட்டது. மஸ்கட்டில் இரண்டே பருவம். ஏசி ஓடுகிற பருவம், ஏசி நன்றாக ஓடுகிற பருவம். நாற்பத்தெட்டு வயதில் ஒருவனுக்கு வசந்த விடுமுறை கிடைக்கிறது என்றால் வேண்டாம் என்று சொல்வானா?

அதனால் பெரிய திட்டம் போட்டேன். கோடியக்கரையில் ரூம் எடுத்திருக்கிறேன். விடியும் முன்னே எழுந்துவிட வேண்டும். மடக்கு ஸ்டூல், ஓலைத் தொப்பி, பிளாஸ்க், வாட்டர் கலர் பெட்டி. பையில் இருக்கிறது பாருங்கள், எல்லாம் புதிது. திரும்பி வரும் வரை ஷேவ் செய்யப் போவதில்லை. அது மாஸ்டர் சொன்னதில்லை, நானாக நினைத்தது. உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். உப்பு வெள்ளை, பேப்பரும் வெள்ளை. வெள்ளையை வரைய முடியாது, சுற்றி இருப்பதை வரைந்து வெள்ளையை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். எவ்வளவு பெரிய விஷயம் அது. விட்டுவிடுவதுதான் வரைவது. இதை நான் வகுப்பில் சொன்னபோது ஹஸீனா என்று ஒரு பெண், என் பக்கத்து ஸ்டூல், கேட்கிறது: "அப்ப வெறும் பேப்பரைத் திருப்பிக் கொண்டாந்து குடுத்துடுவீங்களா அங்கிள்?" வாய் அதிகம். ஆனால் கை நல்ல கை.

ஏன் கோடியக்கரை என்றால், அங்கே ஆள் இல்லை. மாஸ்டரே சொன்னார். "கொழுந்து சார், ஆள் இல்லாத எடமாப் பார்த்துப் போங்க. கொஞ்ச நாளைக்கு மூஞ்சியே வேண்டாம் உங்களுக்கு." நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு அது வருத்தம்தான். எனக்கு வருவதே முகம்தான் அண்ணே.

என்ன பிரச்சினை என்றால், அதாவது அவர்கள் பிரச்சினை என்று சொல்வது என்னவென்றால், நான் யாரை வரைந்தாலும் ஒரே ஆள் மாதிரி வருகிறதாம்.

முதலில் வாட்ச்மேனை உட்கார வைத்தார்கள். எங்கள் பள்ளி வாட்ச்மேன் அந்தோணி, ஆறடி ஆள், கிருதா, மீசை. எல்லோரும் வரைந்தோம். நான் வரைந்ததை அவரே வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாருக்கு சார்" என்றார். "எனக்குக் கூடப் பொறந்த பொண்ணு யாரும் இல்லை. இருந்தா இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார்.

அடுத்து மீன் விற்கிற அம்மாள். அதற்குப் பிறகு ஒரு பள்ளிக்கூடப் பையன். ஹஸீனா மூன்றையும் வரிசையாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், இவங்க மூணு பேரும் ஒரே வீடா?" என்றது. மாஸ்டர் தாடியைச் சொறிந்துகொண்டு நின்றார். "இடது பக்கம் லேசாத் திரும்பின முகம். கண்ணு மட்டும் வேற எங்கயோ போகுது. உதடு ஏதோ சொல்ல வந்து நிக்குது. சார், இது வாட்ச்மேன் இல்லை. யார் இது?" என்றார். யாரும் இல்லை சார், கற்பனை என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

கற்பனைதான் அண்ணே. நான் போட்டோவைப் பார்த்து வரைகிறவன் கிடையாது. அதெல்லாம் எங்கள் பள்ளியில் கேவலம்.

இன்னொரு நாள், இதைக் கேளுங்கள், ஆளுக்கு ஒரு கண்ணாடி கொடுத்து, உங்கள் முகத்தை நீங்களே வரையுங்கள் என்றார் மாஸ்டர். வரைந்தோம். பிறகு இன்னொரு கண்ணாடியைப் பக்கத்தில் சாய்த்து வைத்து, இப்போது பாருங்கள் என்றார். பக்கவாட்டில் என்னை நான் பார்த்தேன். அண்ணே, தூக்கிவாரிப்போட்டது. யாரோ ஒருத்தர், எங்கள் மாமா ஒருவர் மாதிரி, மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மாஸ்டர் சொன்னார்: "நம்ம முகத்தை நாம நேராத்தான் பார்த்திருக்கோம். பக்கத்துல இருந்து பார்க்கறது மத்தவங்கதான். அந்த முகத்தைக் கொண்டுவந்து காட்டினா நமக்கே அடையாளம் தெரியாது." சலூனில் பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டுவார்களே, அப்போது நம் பிடரி நமக்கே அந்நியமாக இருக்குமே, அந்த மாதிரி. இதை வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன். அவள் அப்போது மாவுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எனக்கு நேராப் பார்க்கவே நேரமில்லை" என்றாள்.

தையல்நாயகி என்று பெயர். தையல் என்று கூப்பிடுவேன். மன்னார்குடிக்காரி. இந்த பஸ் போகிற வழிதான்.

அவளை நான் வரைந்ததே இல்லை. ஒரு தடவை அவளாகவே கேட்டாள். "ஊர்ல இருக்கிற மீன்காரி, வாட்ச்மேனையெல்லாம் உட்கார வெச்சு வரையறீங்க. என்னை ஒரு தடவை வரையக்கூடாதா?" எனக்குத் தமாஷாக இருந்தது. உன் முகம் எனக்கு அத்துப்படி, அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றேன். சும்மா இருந்திருக்கலாம். இப்போது கண்ணாடி வேறு போட்டிருக்கிறாய், தாடை வேறு இரண்டாகியிருக்கிறது, வட்டம் வரைவது அடுத்த வருஷப் பாடம் என்றும் சொன்னேன். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வடுவூர் வந்துவிட்டதா? ஏரியைப் பாருங்கள், தண்ணீர் வற்றிப் பறவைகளெல்லாம் நடுவில் போய் நிற்கின்றன. இதைக்கூட வரையலாம். ஆனால் அந்தப் பறவைகளும் இடது பக்கம் திரும்பி நிற்கும் என்று ஹஸீனா சொல்லும்.

ஒரு நாள் பள்ளியிலிருந்து வருகிறேன். ஹாலில் தரையில் என் படங்களையெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு நடுவில் தையல் உட்கார்ந்திருக்கிறாள், சீட்டு ஆடுகிற மாதிரி.

"யாரு இது?" என்றாள்.

"வாட்ச்மேன்."

"இது?"

"மீன் விக்கிற அம்மா."

"இது?"

"முருகன் சாமி."

"முருகனுக்கு எதுக்கு இவ மூக்கு?"

எவள் மூக்கு என்றேன். "அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றாள்.

நான் என்னத்தைச் சொல்ல? கற்பனை என்றேன். மாஸ்டர் நம்பியதை மனைவி நம்ப வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? அவள் படத்தை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "இருபது வருஷம் கண்ணுக்கு முன்னாடி இருந்தவ முகம்தான் இப்படிக் கையில நிக்கும். இருபது வருஷமா நான் உங்க கண்ணுக்கு முன்னாடி இல்லை. வேற எவளோ இருந்திருக்கா."

எவ்வளவு அபாண்டம் பாருங்கள். என் கண் முன்னால் இருந்தது மானிட்டர்.

அதிலிருந்து அந்த முகத்துக்கு எங்கள் வீட்டில் பெயர் மஸ்கட்காரி. "மஸ்கட்காரி இன்னிக்கு யாரு வேஷத்துல வந்தா?" என்று கேட்பாள். போனில் பையனிடமும் சொல்லிவிட்டாள். அவன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், நித்திலன். "அப்பா, நீங்க பேசாம சீனரி வரைங்களேன்" என்றான். எல்லோருமாகச் சேர்ந்து என்னை மனிதர் இல்லாத இடத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்தார்கள்.

இதோடு நின்றிருந்தால் நான் இப்போது இந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டேன்.

எங்கள் வீட்டுக்கு மேல் மாடி கட்டுகிறோம். வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது தையல் கட்டிய வீடு. பணம் அனுப்பியது நான்தான், யார் இல்லை என்றது. ஆனால் மனை பார்த்தது, கொத்தனாரோடு சண்டை போட்டது, சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்து காவல் இருந்தது, சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விட்டது எல்லாம் அவள். நான் லீவில் வந்தபோது கட்டி முடித்த வீட்டுக்குள் வலது காலை வைத்து நுழைந்தேன், அவ்வளவுதான். குளியலறை எங்கே என்று அவளைக் கேட்டுத்தான் போனேன்.

மாடி வேலை தொடங்கியதும் கொத்தனார், "பொம்மை ஒண்ணு கட்டிடுங்க சார். தெரு முழுக்க அண்ணாந்து பார்த்துட்டுப் போகுது" என்றார். கண் திருஷ்டிக்குத்தான். கடைத்தெருவில் தொங்குமே, கொம்பு, கோரைப்பல், நாக்கைத் துருத்திக்கொண்டு. வரும்போது ஒன்று வாங்கி வாருங்கள் என்றாள் தையல். ஓர் ஓவியன் வீட்டுக்குக் கடைப் பொம்மையா என்றேன். பிளைவுட் பலகை வாங்கினேன், எனாமல் பெயிண்ட் வாங்கினேன். சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து வரைந்தேன். பச்சை முகம். சிவப்பு நாக்கு. இரண்டு கொம்பு. மேலே இரண்டு பல், கீழே இரண்டு பல். முறுக்கு மீசை, அந்தோணியின் மீசையையே மனதில் வைத்து. அண்ணே, சத்தியமாகச் சொல்கிறேன், பயங்கரமாகத்தான் வரைந்தேன். படிகாரம், மிளகாய், கறுப்புக் கயிறெல்லாம் கட்டிச் சாரத்தில் தொங்கவிட்டோம்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு மங்கையர்க்கரசி டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "கொழுந்து சார், அதுக்கு என்ன கஷ்டம்?"

எதுக்கு டீச்சர் என்றேன்.

"மேலே தொங்குதே, அதுக்கு. அழப் போற மாதிரி இருக்கே. யாராவது ஊருக்குப் போறாங்களா?"

பால்காரர் அதைப் பார்த்துக்கொண்டே வந்து சைக்கிளைத் திண்டில் இடித்துக்கொண்டார். பயத்தில் இல்லை. "பாவமா இருக்கு சார். நாக்கை உள்ளே வெச்சுட்டா நல்ல களையான முகம்" என்றார். பள்ளிக்கூடம் போகிற குழந்தைகள் டாட்டா காட்டத் தொடங்கின. திருஷ்டி படக்கூடாது என்று மாட்டினால், அதைப் பார்ப்பதற்கென்றே தெருவில் ஆள் நிற்கிறது. கொத்தனார் தலையைச் சொறிந்தார். "சார், இதுக்கே ஒரு பொம்மை கட்டணும் போல இருக்கே" என்றார்.

தையல் முதல் நாள் ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். வாசல் பக்கம் வந்தால் மேலே பார்க்காமல் கோலம் போட்டுவிட்டுப் போய்விடுவாள். சரி, பழகிவிட்டது என்று நினைத்தேன்.

நேற்று என்ன நடந்தது தெரியுமா? பூக்காரம்மாள் வந்தாள். தினமும் எங்கள் வீட்டுக்கு ஒரு முழம் பூ. பலகையைக் கொத்தனார் ஏதோ வேலைக்காக இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அவள் அதைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, "நல்ல பொம்பளை, வெறுந்தலையா நிக்குது" என்று சொல்லிக்கொண்டே தையலுக்கு வைத்திருந்த ஒரு முழத்தையும் அதன் கொம்பில் சுற்றிவிட்டுப் போய்விட்டாள். மீசை வைத்த முகத்தைப் பார்த்துப் பொம்பளை என்கிறாள் அண்ணே. நான் என்ன செய்ய?

தையல் வெளியே வந்தாள். பூவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். உள்ளே போனாள், பையில் புடவைகளை வைத்தாள், வந்தாள்.

"நான் தண்ணி ஊத்தி வளர்த்த சுவரு. அதுல எவளையோ கொண்டாந்து மாட்டி, அவளுக்குப் பூ வேற" என்றாள். "அந்தக் கொம்புக்காரியே இருக்கட்டும். நான் மன்னார்குடி போறேன்."

திருவிழாவுக்கா என்று கேட்டேன். வருஷா வருஷம் பங்குனித் திருவிழாவுக்கு, வெண்ணெய்த்தாழிக்கு, அவள் தம்பி வீட்டுக்குப் போகிற வழக்கம் உண்டு. "திருவிழாவுக்குத்தான். முடிஞ்சும் வரமாட்டேன். அவ யாருன்னு வாயைத் திறந்து சொல்லிட்டு, அப்புறம் வந்து கூப்பிடுங்க. பொய் சொன்னா எனக்குத் தெரியும்" என்றாள். ஆட்டோவில் ஏறும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ராத்திரி மச்சினனுக்குப் போன் செய்தேன். மனோகரன், உரக்கடை வைத்திருக்கிறான். "அக்கா கோயிலுக்குப் போயிருக்கா மாமா" என்றான். பின்னால் அவள் குரல் கேட்கிறது, "கோயிலுக்குப் போயிருக்கேன்னு சொல்லு." காலையிலும் செய்தேன். "அக்கா இன்னும் கோயில்லயேதான் இருக்கா மாமா." விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் வைக்கும்போது குரலைத் தாழ்த்தி, "அழுதுட்டு இருக்கா மாமா. யாருன்னு சொல்லித் தொலைங்களேன்" என்றான்.

யாரைச் சொல்வது? இருந்தால் சொல்லிவிட மாட்டேனா? ஒரு பெயர் இருந்தால் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்கலாம். பெயரே இல்லாத ஒருத்திக்காக என்னவென்று மன்னிப்புக் கேட்பது? மன்னார்குடியில் போய் இறங்கினால் அவள் வாசலிலேயே கேட்பாள், யார் என்று. கற்பனை என்றால் கதவைச் சாத்துவாள். அதனால்தான் நேராகக் கோடியக்கரை. பலகையைக் கடலில் விட்டுவிடப் போகிறேன். திருஷ்டிக்குக் கட்டியதை எரிக்கக்கூடாது, தண்ணீரில்தான் விட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். மேலத்தெரு வாய்க்காலில் விடலாம் என்றால், பங்குனியில் வாய்க்காலில் தண்ணீர் ஏது? கடலில் விட்டுவிட்டு, உப்பளத்தைப் பார்த்து உட்கார்ந்து, முகமே இல்லாமல் கொஞ்ச நாள். அதற்குள் அவளுக்கும் கோபம் தணியும். தணியும் இல்லையா? உங்கள் வீட்டில் எப்படி?

பார்க்க வேண்டுமா? பஸ்ஸிலா? சரி, பரவாயில்லை, வேட்டியை இந்தப் பக்கம் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். ம். இதுதான். பூவைக் கழற்ற மனம் வரவில்லை, அப்படியே வாடிவிட்டது. சொல்லுங்கள், பயமாக இல்லை? இல்லையா. சரி. நீங்களும் டீச்சர் கட்சி.

அவள் எப்படி இருப்பாள் என்றா? தையலா? நன்றாக இருப்பாள் அண்ணே. இப்போது கொஞ்சம் பெருத்துவிட்டாள், கண்ணாடி, நரை, எல்லாம் நமக்கும்தானே. அந்தக் காலத்தில் பார்த்திருக்க வேண்டும். இருங்கள், காட்டுகிறேன். மானிட்டரில் இருந்த அந்தப் போட்டோதான், திரும்பி வரும்போது பிய்த்துப் பர்சில் வைத்துக்கொண்டேன். முனையெல்லாம் கிழிந்துவிட்டது. இதை எடுத்தது நான். முதல் தடவை கிளம்பிய அன்று காலையில், பெட்டியெல்லாம் வாசலில் வைத்துவிட்டு, கேமராவில் பிலிம் ஒன்று மிச்சம் இருந்தது. தையல் இங்கே பார் என்றேன். அவள் பார்க்கப் போகிறாள், அதற்குள் வாசலில் டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள். அப்போது கிளிக் செய்துவிட்டேன். பிலிம் என்னோடு வந்துவிட்டது, மஸ்கட்டில்தான் கழுவினேன். அவள் எனக்கு ஒழுங்காக ஒரு போட்டோ அனுப்புகிறேன், ஸ்டுடியோவில் நேராகப் பார்த்து எடுத்து அனுப்புகிறேன் என்று எழுதினாள். அனுப்பவும் அனுப்பினாள். அது பெட்டிக்குள் இருந்தது. எனக்கு இதுதான் பிடித்தது.

என்ன அண்ணே, பலகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். வெளிச்சம் போதவில்லையா? ஜன்னல் பக்கம் பிடியுங்கள்.

முன் சீட்டு அம்மா ஏன் திரும்பிப் பார்க்கிறார்கள்? காட்டுங்கள், பரவாயில்லை, அவர்களும் பார்க்கட்டும். என்னம்மா?

என்ன சொன்னார்கள் அண்ணே? இதில் மீசை இல்லையா? இல்லைதான், இது என் மனைவி ஆயிற்றே, மீசை எப்படி…

இப்படிக் கொடுங்கள்.

பலகையைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள். இந்தப் பக்கம். நாக்கை மட்டும் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். கொம்பையும்.

அந்த ஹாரன் சத்தத்துக்குத் திரும்பினாளே. அப்போது அவள் அழவில்லை அண்ணே. அழவே இல்லை. சிரித்துக்கொண்டுதான் வழியனுப்பினாள், எல்லோரும் பார்த்தார்கள். இந்த ஒரு நொடிதான்.

என்ன கேட்டீர்கள்? இல்லை. அவள் இந்தப் போட்டோவைப் பார்த்ததில்லை. ஊரில் யாருமே பார்த்ததில்லை. முதலில் மானிட்டரில், பிறகு என் பர்சில்.

ஓலைத் தொப்பியை அந்தப் பையில் திணித்துவிடுங்கள், நசுங்கினால் நசுங்கட்டும். ஸ்டூல் காலடியில் இருக்கிறது பாருங்கள். வேட்டி வேண்டாம், பலகையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், பூ உதிராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா, கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள். கண்டக்டர், அது என்ன, தேரடி தெரிகிறதே, வந்துவிட்டதா? வேதாரண்யம் டிக்கெட்தான், தெரியும், லக்கேஜுக்கும் அதுவரை போட்டிருக்கிறீர்கள், அதெல்லாம் இருக்கட்டும்.

நான் மன்னார்குடியில் இறங்கிக்கொள்கிறேன்.